வாசல் வரைக்கும்

கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கிளினிக்கில், டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து, வைத்தியத்துக்கு வந்த ஆளோடு வாசல் வரைக்கும் நடந்தால் அந்த ஆள் பிழைக்க மாட்டான். இது ராயபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ஜஸீமாவுக்குத் தெரியாது. அவள்தான் இப்போது அங்கே டாக்டர்.

அவளுடைய தாத்தா மதார் சாகிப் தொடங்கிய கிளினிக் அது. எல்.ஐ.எம். என்ற பழைய வைத்தியப் படிப்பு படித்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்களும் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். அதில் மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டித் தருவார். அதிகம் பேச மாட்டார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்ல வராது. அப்படிப்பட்ட ஆள் வந்தால் எழுந்துவிடுவார். தோளில் கையை வைத்து, பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டே வாசல் வரைக்கும் வருவார். ஆள் செருப்பைப் போட்டுக்கொள்ளும்வரை நிற்பார். அவ்வளவுதான்.

அப்படி வழியனுப்பப்பட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் கவனித்தது. பிறகு கிளினிக்கிலிருந்து யார் திரும்பினாலும், பாய் இன்னா சொன்னாரு என்று வீட்டில் கேட்பதை விட்டுவிட்டார்கள். பாய் எய்ந்தாரா என்று கேட்டார்கள்.

அதற்கப்புறம் மதார் சாகிபால் சும்மா எழுந்திருக்க முடியாமல் போயிற்று. குறுக்கு வலித்தால்கூட நெளிந்துகொள்வாரே தவிர எழ மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் சுவரை உடைத்து ஒரு கதவு வைத்தார். தொழப் போகவும் ஒன்றுக்குப் போகவும் அந்த வழிதான். அதுவும் எதிரே ஸ்டூல் காலியாக இருக்கும்போது. அவர் மகன் ஜபருல்லா எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மிக்சர் போய் மாத்திரை வந்தது. ஸ்கேன் வந்தது. எழுந்திருப்பது மட்டும் மாறவில்லை. அப்பனைப் பெரிய பாய் என்றும் மகனை டாக்டர் பாய் என்றும் சொன்னார்கள்.

ஜஸீமா ஜபருல்லாவின் ஒரே மகள். வீடு கிளினிக்குக்கு மேலேதான். ஆனால் அத்தா அவளைக் கீழே விட்டதில்லை. இருமல்காரங்க வர்ற எடம், மேல போ என்பார். அவள் படித்தது வெளியூரில். வேலை பார்த்தது நகரத்தின் அந்தக் கோடியில், கண்ணாடிச் சுவர் போட்ட ஆஸ்பத்திரியில். பின்கதவைக் காற்றுக்காக வைத்தது என்றே நினைத்திருந்தாள்.

அத்தா இறந்து நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்தது. அதன் பிறகும் ஆள்கள் வந்து பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தட்டவில்லை, கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அம்மா சாபிரா மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் காலையில் ஜஸீமாவின் தட்டுக்குப் பக்கத்தில் சாவியை வைத்தாள்.

அவள் திறந்தாள். வலை பின்னுகிறவர்கள் வந்தார்கள். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள் எண்ணூர் சாலையில் வண்டியை வரிசையில் விட்டுவிட்டு வந்தார்கள். வள்ளூர் அனல்மின் நிலையத்துப் பக்கத்திலிருந்து காது மடலில் சாம்பலோடு வந்தார்கள். அவள் கேட்கிற கேள்விக்கு அவளைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார்கள். அவள் தலைக்குச் சற்று மேலே, அத்தாவின் முகம் இருந்த உயரத்தில் பார்த்துச் சொல்வார்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வருகிற கிழவி ஒருத்தி நாற்காலிக்கு ஒரு சலாம், பிறகு அவளுக்கு ஒரு சலாம் வைப்பாள். முதல் வாரம் ஜஸீமா அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். பின்னால் கதவுதான் இருந்தது. பழகிவிட்டது என்று நினைத்தாள்.

லோகநாதன் வந்தது கார்த்திகை மழையில். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவர். அந்த வேலை நின்றதும் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேனாக இருந்தார். இப்போது அதுவும் இல்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மனைவி தாயம்மாவோடு இருக்கிறார். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. வேறு டாக்டரிடம் போனதில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்த சிறுமியாக ஜஸீமாவை அவருக்குத் தெரியும். பாப்பா என்று கூப்பிடுவார். அவளுக்கு அவர் மாமா.

அன்று சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. கால் லேசாக வீங்கியிருந்தது. ஒரு மாத்திரையை மாற்றி எழுதி, ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். வெளியே சாக்கடையும் மழையும் ஒன்றாகி வாசற்படி வரை நின்றது. படியில் பாசி. ஜஸீமா எழுந்தாள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கார்குழலியின் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டபடி வாசல் வரைக்கும் வந்தாள். கார்குழலி அவர் மகள், மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருந்தார். குடையை விரித்து அவர் கையில் கொடுத்தாள்.

பெஞ்சில் பேச்சு நின்றது. ஒருத்தி தன் பிள்ளையின் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். டோக்கன் கொடுக்கிற ஃபிர்தௌஸ் பேனாவைக் கீழே வைத்தாள். லோகநாதன் ஜஸீமாவின் கையை ஒரு தரம் பிடித்து அழுத்தினார்.

"பாய் மாரியே கீற பாப்பா," என்றார்.

பாராட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவோடு அவர் வரவில்லை. மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில் தாயம்மா வந்தாள். டோக்கன் வாங்காமல் நேரே உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"நீ எதுக்கும்மா எய்ந்து வந்த?"

ஜஸீமாவுக்குப் புரியவில்லை. எங்கே என்று கேட்டாள்.

"எங்கன்றியா. எங்கூட்டு ஆள கையப் புட்சினு வாசாண்ட கூட்டினு வந்தியே, அதுக்குத்தான் கேக்கறேன். பட்ச்ச பொண்ணு நீ. வாயில சொல்லக் கூடாதா?"

மழைக்காக வந்தேன் என்றாள் ஜஸீமா. படி வழுக்கும் என்று வந்தேன் என்றாள்.

தாயம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிய நேரமாயிற்று.

"மயைக்கு எய்ந்தாளாம். கேட்டியாமே ஃபிர்தௌசு? மயைக்காம்."

ஃபிர்தௌஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயம்மாதான் சொன்னாள். பெரிய பாய் யார் யாருக்கு எழுந்தார், டாக்டர் பாய் யார் யாருக்கு எழுந்தார் என்று தெருவாரியாகச் சொன்னாள். ஜஸீமா கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தாவுடைய வீட்டில் பிறந்து வளர்ந்தும் அந்தப் பெயர்களில் ஒன்றுகூட அவள் கேட்டதில்லை.

அந்த மழை நாளில் லோகநாதன் ஈரக் குடையோடு வீட்டுக்குள் வந்தார். டாக்டர் எழுந்தாரா என்று தாயம்மா வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டாள். அவர் ஆமென்று தலையை ஆட்டிவிட்டுத் துவட்டிக்கொள்ளத் துண்டு கேட்டார். மறுநாள் கார்குழலியை வரச்சொல்லி, கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி மருமகனுக்குக் கொடுத்தார். பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா மகன் வீட்டுக்குப் போய்ப் பேசினார். மூலக்கொத்தளத்துக்குப் போய்த் தன் அம்மாவைப் புதைத்த இடத்தைப் புதருக்குள் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வந்தார்.

"மாத்திரய நிறுத்திடுச்சி. ஊசிய நிறுத்திடுச்சி," என்றாள் தாயம்மா. "பீச் ஸ்டேசனாண்ட பர்மா கடைல போய் அத்தோ துன்னுட்டு வருது. ஜிலேபி வாங்கியாந்து தலமாட்டுல வச்சிகினு துன்னுது. கேட்டா, சாவுறவன் நாக்குக்கு இன்னாத்துக்குடீ டாக்டருன்னுது. கட்டிகினு வந்த நாளா அது இவ்ளோ சந்தோசமா இருந்து நான் பாத்ததில்லம்மா. அதான் எனுக்கு பயமா கீது."

போகும்போது வாசலில் நின்று கேட்டாள். "நெஜமாவே மயைக்குத்தானா?"

"மழைக்குத்தான்."

"அப்ப நீயே வந்து சொல்லு. நான் சொன்னா அது நம்பாது."

அவள் போன பிறகு ஜஸீமா ஃபிர்தௌஸைப் பார்த்தாள்.

"தெரிஞ்சிதான் எழுந்தீங்கன்னு நெனச்சேன்மா," என்றாள் ஃபிர்தௌஸ். "பாயோட பொண்ணாச்சே."

மேலே சாபிரா சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜஸீமா கேட்டதும் கையை நிறுத்தவில்லை. தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அதையெல்லாம் சொல்லிக்கொடுப்பார்களா என்றாள். செதில் தெறித்துக் கொண்டிருந்தது. தலையைத் தனியே எடுத்து வைத்த பிறகு பேசினாள்.

"உங்கத்தா கடைசியா கீழ உக்காந்த அன்னிக்கி சோறு எடுத்துகினு எறங்கினேன். ஆளுங்க யாருமில்ல. ஃபிர்தௌசும் போயிட்டா. நாற்காலிய விட்டு எழுந்து மெதுவா வாசலுக்கு வந்தாரு. கைய இப்படி வச்சிகினு."

எழுந்து நின்று, பக்கத்தில் இல்லாத ஓர் ஆளின் தோள் உயரத்தில் கையை வைத்துக் காட்டினாள்.

"வாசல்ல நின்னாரு. ஒருத்தர் செருப்பு மாட்டற நேரம் இருக்கும். அப்பறம் என்னப் பாத்துட்டு, சோறு மேலயே சாப்பிடலாம்னாரு."

அத்தாவுக்குக் கணையத்தில் புற்று. அது தெரிந்தபோது எதற்கும் நேரம் இல்லாமல் போயிருந்தது. ஜஸீமா போனில் கேட்கும்போதெல்லாம் வாயு என்றுதான் சொல்லியிருந்தார்.

"நீ ஏம்மா என்கிட்ட அன்னிக்கே சொல்லல?"

"அவரு எழுந்துட்டாரே," என்றாள் சாபிரா.

ஹவுசிங் போர்டு படிக்கட்டில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு தளத்திலும் கைப்பிடியில் துணி காய்ந்தது. ஜஸீமா ஏறும்போது பெண்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரிந்திருந்தது.

லோகநாதன் கட்டிலில் இரண்டு தலையணைகளை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். பனியன் புதிது. சவரம் செய்திருந்தார். டீ வாங்கி வரச் சொல்லித் தாயம்மாவை விரட்டினார். அவள் நகரவில்லை.

"பாய் ரெண்டு பேரும் வூடு தேடி வந்ததில்ல பாப்பா. நீ வந்துட்ட."

ஜஸீமா சொல்ல வந்ததைச் சொன்னாள். மழை, பாசி, குடை. வழக்கம் தனக்குத் தெரியாது என்று சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மூச்சுக்கு நடுவே சிரித்தார்.

"தாயி சொல்ச்சி. நீ பொய் சொல்லல. அது எனுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி எனுக்கு முன்னாடி வயித்துப் புள்ளக்காரி ஒண்ணு வந்துச்சே, அப்பவும் மயை பேஞ்சிகினுதான் இருந்துச்சி. அதுக்கு எய்ந்தியா?"

அவள் யோசித்தாள். எழவில்லை.

"கொம்பு ஊனிகினு ஒரு கெய்வி வந்துச்சி. அதுக்கு?"

எழவில்லை. ஃபிர்தௌஸைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

"நீ எய்ந்திரிக்கல பாப்பா. உன்ன எய்ப்பி வுட்டாங்கோ. அந்த நாற்காலில நீ மட்டுமா ஒக்காந்துகினு கீற?"

"யோவ், கம்முனு கெட," என்றாள் தாயம்மா. "பேய் புட்ச்சவன் மாரி பேசாத. அது சின்னப் பொண்ணு."

ஜஸீமா அவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். அடியில் இரண்டு பக்கமும் நொறுநொறுவென்று சத்தம் கேட்டது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. காலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றது. வீக்கம் முழங்கால் வரை ஏறியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்துத் துடித்தது. அன்றைக்கும் இது துடித்ததா என்று யோசித்தாள். கால் லேசாக வீங்கியிருக்கிறது என்று எழுதியது ஞாபகம் இருந்தது. எழுதிய பிறகு கண் எங்கே போனது என்று ஞாபகம் இல்லை. கழுத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாளா, எழுந்த பிறகு மழையைப் பார்த்தாளா. நினைவில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. எழுந்ததிலிருந்துதான் எல்லாம் இருந்தது.

இதயம் தளர்ந்திருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். போனால் பிழைக்க வழி இருக்கிறது, மாத்திரை இல்லாமல் இப்படிக் கிடந்தால் இல்லை என்றாள்.

"பாய் எய்ந்து யார்னா பொயச்சிகீறாங்களா?" என்றார் லோகநாதன். தாயம்மாவிடம் கேட்டார். "பெரிய பாய் எய்ந்து எங்கப்பன் போனான். டாக்டர் பாய் எய்ந்து எங்கண்ணன் போனான். ஆஸ்பத்திரி வராண்டால கெடக்காம, மூக்குல டூபு வுட்டுக்காம, நாலு பேராண்ட பேசிட்டு வூட்ல போனாங்கோ. அது ஒரு மரியாத பாப்பா. எனுக்கும் அது கெட்ச்சிகீது. அத்தப் போய் புடுங்கற."

ஜஸீமா தரையில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"அவங்க ரெண்டு பேருக்கும் தப்பு வரல மாமா. எனக்கு வரும். வந்துடுச்சி."

"தப்புன்றியா."

"தப்புதான்."

அவர் ஜிலேபிப் பொட்டலத்தை மடித்துத் தள்ளி வைத்தார்.

"சரி. கிளினிக்குக்கு வரேன். நீ பாரு. பாத்துட்டு ஆஸ்பத்திரிக்கிச் சீட்டு எய்து. நான் ஏந்து போறேன். நீ ஒக்காந்த எடத்துல ஒக்காந்து இரு. இருந்தீன்னா நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கிப் போறேன். டூபு வுட்டாலும் வுட்டுக்கறேன்."

"எய்ந்துட்டா?" என்றாள் தாயம்மா.

"எய்ந்துட்டா என்னிய வுட்டுடுங்கோ."

இப்போதே வாங்க, ஆட்டோ நிற்கிறது என்றாள் ஜஸீமா. உன்கூட வரமாட்டேன் என்றார். சாயங்காலம் வருவேன், டோக்கன் வாங்கி, மற்றவர்கள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து வருவேன் என்றார். அதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை.

சாயங்காலம் பெஞ்சு நிறைந்திருந்தது. பாதிப் பேருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சந்தில் ஆட்கள் நின்றார்கள். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். ஃபிர்தௌஸ் டோக்கன் கொடுத்தாள். லோகநாதன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முன்னால் இருந்தவர்கள் நீ போ என்றார்கள். அவர் ஒப்பவில்லை.

அவர் முறை வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு தரம் மூச்சு வாங்கினார். ஜஸீமா உட்கார்ந்தபடியே மேசையைச் சுற்றிக் கையை நீட்டி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். காலையில் அடியில் கேட்ட சத்தம் இப்போது பாதி முதுகுக்கு வந்திருந்தது. கண்ணாடி ஆஸ்பத்திரியில் இப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். சிலர் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அத்தா இந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்திருப்பார், சந்தேகமே இல்லை.

சீட்டை எழுதித் தாயம்மாவின் கையில் கொடுத்தாள்.

"யாரும் புடிக்காதீங்கோ," என்றார் லோகநாதன். பெஞ்சுக்கும் சேர்த்துச் சொன்னார். மேசை விளிம்பைப் பற்றி எழுந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தார். பெஞ்சில் எல்லோரும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மழை இல்லை. படி காய்ந்திருந்தது. அந்தக் காய்ந்த படியில் அவர் கால் மடங்கிற்று. தாயம்மா கத்தாமல் அவர் அக்குளில் தன் தோளைக் கொடுத்தாள். அவளும் சாய்ந்தாள்.

ஜஸீமாவின் இடுப்பு நாற்காலியை விட்டு வந்திருந்தது. அது எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேசையின் அடிச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன்னைக் கீழே இழுத்தாள். தோளில் ஏதோ கனத்தது. தூக்குகிறதா, அழுத்துகிறதா என்று சொல்ல முடியவில்லை. முழங்கால் மேசையில் இடித்து மருந்துச் சாம்பிள்கள் உருண்டன. அவள் உட்கார்ந்தாள்.

லோகநாதன் நிலையைப் பிடித்து நிமிர்ந்தார். உடனே திரும்பவில்லை. முதலில் மூச்சை வாங்கினார். பிறகு திரும்பினார்.

"ஒக்காந்துகினுதான் கீறியா பாப்பா?"

"உக்காந்துதான் இருக்கேன் மாமா. ஆட்டோ நிக்குது. போங்க."

குரல் நடுங்கவில்லை. அதை அவளே கவனித்தாள். அவர் தலையை ஆட்டினார். தாயம்மா அவரை ஆட்டோவுக்குள் தள்ளினாள். இப்போது நாலு பேர் ஓடி வந்து பிடித்தார்கள்.

எய்ந்திரிக்கல என்று பெஞ்சில் ஒருத்தி சொன்னாள். எய்ந்திரிக்கலயாம் என்று வெளியே யாரோ சொன்னார்கள். அது சந்து வழியாகப் போயிற்று. டீக்கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கண்ணால பாத்தேன்பா, கால் மடங்கி வுயறான், இது கல்லு மாரி ஒக்காந்துகினு கீது என்று ஒருவன் உரக்கச் சொன்னான். முதல் தடவையா ஒரு ஆளு திரும்பி வரப்போறான் என்றான் இன்னொருவன். ஆட்டோ முனை திரும்புவதற்குள் அந்தப் பேச்சு அதைத் தாண்டிப் போய்விட்டது.

ஜஸீமாவின் காதில் ஸ்டெதாஸ்கோப் இன்னும் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அடுத்த டோக்கன்காரர் உள்ளே வந்தார். லாரி ஓட்டுகிறவர். முகமெல்லாம் சிரிப்பாக ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"பொயச்சிக்குவாரில்லம்மா?"

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணத் தொடங்கினாள். பாதியில் விட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.